ஃப்ரீசர் பாக்ஸ் திரும்பாத படிக்கட்டு

ஒரு குடியிருப்பை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா என்று தெரிய வேண்டுமானால், அங்கே ஒரு சாவு விழும்போது போய்ப் பார்க்க வேண்டும். வடசென்னையின் பழைய ஸ்லம் போர்டு (குடிசை மாற்று வாரியம்) பிளாக்குகளில் மூன்றாவது மாடியில் ஒருவர் இறந்துவிட்டால், அழுகை ஒரு பக்கம் இருக்க, உடம்பை எப்படிக் கீழே இறக்குவது என்ற பேச்சு உடனே ஆரம்பித்துவிடும். ஃப்ரீசர் பாக்ஸ் ஏழடி நீளம் இருக்கும். படிக்கட்டு லேண்டிங்கில் அது திரும்பாது. பெட்டி மேலே போகாததால் உடம்புதான் கீழே வந்தாக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மார்பையும் நாற்காலி முதுகையும் சேர்த்து வேட்டியால் கட்டி, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் பிடித்து இறக்குவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது ஒருவர் "தலய பாத்துபா, தலய பாத்து" என்று குரல் கொடுப்பார். கீழே இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே நிற்கிற பைக்குகளையெல்லாம் தள்ளிவிட்டு ஷாமியானா போட்டிருப்பார்கள். பெட்டி, மாலை, மேளம், விடிய விடியக் கானா எல்லாம் அங்கேதான்.

எங்கள் ஆயா இறந்தபோதும் இப்படித்தான் நடந்தது. வாழ்நாளெல்லாம் காசிமேட்டிலிருந்து மீன் கூடையைச் சுமந்து வந்து அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர். கடைசியாக இறங்கும்போது நாற்காலியில் கட்டிவைக்கப்பட்டு இறங்கினார்.

நான் கட்டட வரைபடம் போடும் வேலை செய்கிறேன். சிவில் டிப்ளமோ முடித்ததிலிருந்து இதே வேலைதான். கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் வரையும்போது கட்டில், சோபா, ஸ்டவ், கமோடு எல்லாம் ரெடிமேடாகக் கிடைக்கும், இழுத்துப் போட்டால் போதும். சாவுக்கு வருகிற ஷாமியானாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. மஞ்சள் நீராட்டுக்குக் குடிசை கட்டுகிற இடத்துக்கும் கிடையாது. விடிகாலையில் இட்லிக் குண்டான் வைக்கிற அடுப்புக்கும் கிடையாது. யாரோ ஓர் உத்தியோகஸ்தரின் நாலு பேர் கொண்ட குடும்பம், காலையில் வேலைக்குப் போய் ராத்திரி வந்து படுக்கிற குடும்பம், அதைத்தான் நாங்கள் வரைகிற வீடுகள் மனதில் வைத்திருக்கின்றன. அந்த வீட்டையே சுருக்கி, அடுக்கி, மேலே மேலே வைத்தால் ஏழைகளுக்கான குடியிருப்பு என்று பெயர் வந்துவிடுகிறது.

கட்டடக்கலைக்கும் சமூக நீதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். நீதி என்றால் சட்டம், இட ஒதுக்கீடு, கல்வி, வேலை என்றுதான் நமக்குத் தோன்றும். சரி, அதெல்லாம் வேண்டும். ஆனால் ஒரு சுவர் எங்கே நிற்கிறது, ஒரு படி எவ்வளவு அகலம், ஒரு ஜனம் ஊரின் எந்தப் பக்கம் இருக்கலாம் என்று முடிவு செய்வதும் நீதி சம்பந்தப்பட்டதுதான். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: யாருடைய வாழ்க்கையை அளந்து இதை வரைந்தார்கள்?

வடசென்னையில் இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. இந்த ஊரின் முதல் வரைபடமே பிரித்து வைத்த வரைபடம். கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள், கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிய பிறகு, கோட்டைச் சுவரை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் எதிரிக்கு மறைவிடமாகிறது என்று சொல்லி அங்கிருந்த வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. ஜனங்கள் இன்னும் வடக்கே போனார்கள். அன்றைக்கு வெட்ட வெளியாக்கப்பட்ட அந்த இடத்தில்தான் இன்றைக்கு உயர் நீதிமன்ற வளாகம் நிற்கிறது. சென்ட்ரலிலிருந்து வடக்கே போகிற வால்டாக்ஸ் ரோடு அந்தப் புதிய நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதில் சுவரின் நினைவு. சுவருக்கான செலவை உள்ளே இருப்பவர்களிடமே வரியாக வாங்கப் பார்த்தார்கள், பெயர் அப்படி வந்ததுதான்.

அப்புறம் எது வேண்டுமோ அதெல்லாம் வடக்கே வந்தது. 1856-ல் ராயபுரத்தில் ரயில் நிலையம், பிறகு துறைமுகம், பெரம்பூர் பக்கம் பின்னி மில்கள், எண்ணூரில் அனல் மின் நிலையம், 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, கொடுங்கையூரில் ஊர்க் குப்பை. இவற்றில் வேலை செய்ய ஆட்கள் வேண்டும், அவர்கள் தங்குவதற்கு இடம் மட்டும் யார் வரைபடத்திலும் இல்லை. கால்வாய்க் கரையிலும் தண்டவாள ஓரத்திலும் ஏரி மேட்டிலும் அவர்களாகவே குடிசை போட்டுக்கொண்டார்கள். இதில் சாதியைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாக ஆகும். கிராமத்தில் ஊர் தனி, சேரி தனி என்று இருந்த ஏற்பாடு நகரத்துக்கு வந்ததும் கலைந்துவிடவில்லை. 1921-ல் பின்னி மில் வேலைநிறுத்தம் நடந்தபோது புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குடிசைகள் எரிந்தன. ஒரு தொழிற்சங்கப் போராட்டம் எப்படிக் குடிசைகளில் போய் முடிந்தது என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். எரிந்தது எந்தத் தெரு என்பது மட்டும் இந்த ஊரில் யாருக்கும் புதிராக இருந்திருக்காது.

நகரத்தின் நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்கிற சி.எம்.டி.ஏ. அலுவலகம் எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகையில் இருக்கிறது. தாளமுத்துவும் நடராசனும் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939-ல் உயிர் விட்ட இருவர். இருவரையும் அடக்கம் செய்த இடம் வடசென்னை மூலக்கொத்தளம். நடராசன் இந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த, ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர். அந்தக் கட்டடத்துக்குள் போகிற ஒவ்வொரு வரைபடமும் அவர் பெயருக்குக் கீழேதான் நுழைகிறது என்பது எனக்கு எப்போதும் மனதில் நிற்கும்.

1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற வாசகத்தை எங்கள் பிளாக் சுவரில் படித்துத்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அந்த வாரியத்தின் பழைய பிளாக்குகளைப் பற்றி எவ்வளவு குறை சொன்னாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கோடை வந்தால் குடிசைப் பகுதிகளில் தீப்பிடிப்பது வழக்கமாக இருந்தது. ஓர் அடுப்புப் பொறி போதும், ஒரு வரிசையே போய்விடும். ரேஷன் கார்டு, துணி, சேர்த்து வைத்த நகை எல்லாம் சாம்பல். கான்கிரீட் கூரை அந்தப் பயத்தை எடுத்துவிட்டது. அதைவிட முக்கியமாக, அந்த ஆரம்ப காலத்து பிளாக்குகளில் பலவற்றைக் குடிசை இருந்த இடத்திலேயே கட்டினார்கள். ஆயா மீன் விற்ற தெரு மாறவில்லை. நைனா துறைமுகத்துக்கு நடந்தே போனார். நான் படித்த பள்ளி கூப்பிடு தூரம். என் தலைமுறையில் வடசென்னையிலிருந்து படித்து வெளியே வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இந்த பிளாக்குகளிலிருந்து வந்தவர்கள்தான்.

வீடு சின்னது. இருநூற்றுச் சொச்சம் சதுர அடி. ஹாலே படுக்கை அறை, அதிலேயே ஒரு மூலை சமையல். ஆனால் அளவைவிட எனக்குக் கோபம் வருவது கதவுகளைப் பார்க்கும்போதுதான். பல பிளாக்குகளில் குளியலறைக் கதவு நேராக ஹாலுக்குள் திறக்கும், வாசல் கதவுக்கு நேர் எதிரே. காற்றுக்காக வாசலைத் திறந்து வைத்திருப்போம். வராந்தாவில் போகிற வருகிறவர்கள் பார்வை உள்ளே விழும். வயதுக்கு வந்த பெண் குளித்துவிட்டு உடை மாற்ற வேண்டுமென்றால் அப்பாவும் அண்ணன் தம்பிகளும் வெளியே போகும் வரை உள்ளேயே நிற்க வேண்டும். ஈரத் தரையில், பாவாடை நுனி நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. என் அக்கா அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கதவை இரண்டடி தள்ளிப் பக்கச் சுவரில் வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். ஒரு செங்கல்கூட அதிகம் செலவில்லை. வரைந்தவர் தாளில் அந்த இடத்தைத் தாண்டிப் போக ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அக்கா மாதிரி எத்தனை பெண்கள் எத்தனை வருஷம் நின்றிருப்பார்கள்.

2000-க்குப் பிறகு திசையே மாறியது. இருக்கும் இடத்தில் கட்டுவதை விட்டு, தொலைவில் கட்டி அங்கே கொண்டுபோய் விடுவது என்று ஆனது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மூன்றும் தென்சென்னையின் ஓரத்தில் இருக்கின்றன. வியாசர்பாடியில் கால்வாய்க் கரையில் இருந்த குடும்பத்துக்குப் பெரும்பாக்கம் என்றால் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அங்கே வீடு பழையதைவிடக் கொஞ்சம் பெரிது, கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. தாளில் பார்த்தால் முன்னேற்றம். ஆனால் செளகார்பேட்டையில் வீட்டு வேலை செய்த அம்மா இரண்டு பஸ் மாறி வந்து போவதற்குள் பொழுது போய்விடும். கொஞ்ச நாளில் வேலை போய்விடும். பள்ளி ஆண்டின் நடுவில் வெளியேற்றப்பட்ட பிள்ளைகளில் பலர் அந்த ஆண்டோடு படிப்பை விட்டுவிட்டார்கள். ஒரு குடும்பத்தின் சம்பாத்தியம், பிள்ளையின் பள்ளி, சொந்தக்காரர், கடன் கொடுக்கிற மளிகைக்கடை எல்லாம் சேர்ந்த ஒன்றைத்தான் அவர்கள் வீடு என்று சொல்லி வந்தார்கள். நாலு சுவர் அதில் ஒரு பகுதி.

எல்லாருக்கும் அவ்வளவு தூரம் போகவும் வாய்க்கவில்லை. கண்ணப்பர் திடலில், சாலையோரத்திலிருந்து அப்புறப்படுத்திக் கொண்டுவந்து தற்காலிகமாகத் தங்கவைத்த குடும்பங்கள், வீடற்றோர் காப்பகம் ஒன்றிலேயே இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்கள். தற்காலிகம் என்று கட்டிய கூடத்தில் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமும் ஆகியிருக்கும். அண்மையில்தான் அவர்களுக்கு மூலக்கொத்தளத்தில் வீடு கிடைத்தது. நடந்து போகிற தூரத்தில். இருபது ஆண்டு தாமதம் மன்னிக்க முடியாததுதான், ஆனாலும் பக்கத்திலேயே கொடுத்தார்கள் என்பதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

மாடி உயர உயர என்ன ஆகிறது என்பதற்கு எங்கள் பிளாக்குக்குப் பக்கத்தில் இஸ்திரி போடுகிற அக்காவைச் சொல்வேன். தரைத்தளத்தில் இருந்தபோது வாசலில் மேஜை. கரிப்பெட்டி, ஒரு வாளித் தண்ணீர், துணி மூட்டை. போகிற போக்கில் ஆட்கள் துணியைப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் கண் தெருவில் இருக்கும். யார் பிள்ளை எங்கே ஓடுகிறது, யார் வீட்டுக்குக் கொரியர் வந்தது, எந்தப் பெண்ணை எவன் தொந்தரவு செய்கிறான், எல்லாம் தெரியும். அவருடைய பிளாக்கை இடித்துப் புதிதாக உயரமாகக் கட்டியபோது குலுக்கலில் நாலாவது மாடி விழுந்தது. வராந்தாவில் மேஜை போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். லிஃப்ட் வேலை செய்யாத நாட்களில் துணி மேலே வராது. இப்போது கீழே பைக் நிறுத்தத்தின் ஓரத்தில், தார்ப்பாய் கட்டி, யார் எப்போது எடுக்கச் சொல்வார்களோ என்ற பயத்தோடு நிற்கிறார். "வூடு குடுத்தாங்க கண்ணு, பொழப்ப யாரும் கணக்குல எடுத்துக்கல" என்றார். தரைத்தளத்தில் வரிசையாக எட்டுக்கு எட்டில் சின்ன அறைகள் விட்டிருந்தால் இஸ்திரி, இட்லி, தையல், சைக்கிள் ரிப்பேர் எல்லாம் அங்கேயே நடந்திருக்கும். முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் தரைத்தளம், பிழைப்புக்குத் தரைத்தளம் என்று முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குக் குலுக்கல் போடலாம். எல்லாருக்கும் ஒரே சீட்டு என்பது பார்க்கச் சமமாகத் தெரியும். கால் இழுத்துக்கொண்டவருக்கும் காளை மாதிரி இளைஞனுக்கும் ஒரே மாடி என்பது சமம் ஆகாது.

கட்டுமானத் தரம் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் புதிதாகக் குடியேறியவர்கள் சுவரை விரலால் சுரண்டினால் பூச்சு உதிர்வதை வீடியோ எடுத்துக் காட்டினார்கள். பொறியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள், ஐஐடி மெட்ராஸ் நிபுணர்கள் ஆய்வு செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993-ல் கட்டிய குடியிருப்பில் ஒரு பகுதி, 24 வீடுகள், அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்களை முன்கூட்டியே வெளியேற்றியதால் யாரும் சாகவில்லை.

கடலோரத்தில் கான்கிரீட் எப்படிச் சாகிறது என்பது வேலை தெரிந்த எல்லாருக்கும் தெரியும். உப்புக் காற்று கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாகக் கம்பியை எட்டும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இதைத் தடுக்க கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே போதுமான கனம் வேண்டும். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, கடலோரத்தில் இன்னும் கூடுதல். அந்த இடைவெளியைக் காப்பது கவர் பிளாக் என்கிற சின்னச் சிமெண்ட் கட்டி. தீப்பெட்டி அளவுகூட இருக்காது. அதை வைக்காமல் உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுத்துக் கான்கிரீட் போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இருபது வருஷம் கழித்துத் தூங்குகிற பிள்ளை மேல் கூரை விழும்போதுதான் தெரியும். போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதைச் செய்வது பெரும்பாலும் சித்தாள் பெண்கள். கூலி மிச்சம் பிடிக்க மூன்றாம் நாளே அவர்களை வேறு சைட்டுக்கு அனுப்பிவிடுகிற இடங்கள் உண்டு. ஒரு பெண்ணின் நாலு நாள் கூலியை மிச்சம் பிடித்து இன்னொரு பெண்ணின் வீட்டுக் கூரையைப் பலவீனமாக்குகிறோம். ஏழைகளுக்கான கட்டடத்தில் இதைச் செய்கிறவர்களை நான் சும்மா அலட்சியக்காரர்கள் என்று விட மாட்டேன்.

இதே சென்னையில் வேறொரு வழியும் நடந்து பார்த்திருக்கிறது. உலக வங்கிக் கடனுதவியோடு 1977-ல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் வீடு கட்டிக் கொடுப்பதற்குப் பதிலாக மனை பிரித்துக் கொடுத்தார்கள். தெரு, தண்ணீர், சாக்கடை, மின்சாரம் அரசின் பொறுப்பு. மனையில் ஒரு கழிவறை, சிலவற்றில் ஓர் அறை. மிச்சத்தைக் குடும்பம் காசு வரவரக் கட்டிக்கொள்ள வேண்டும். மெதுவாக நடக்கிறது, வீடுகள் எழும்பவில்லை என்று அந்த நாளில் இதைத் தோல்வி என்று ஒதுக்கிவிட்டார்கள். இன்றைக்குக் கொடுங்கையூரில் அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். கீழே பலசரக்குக் கடை, மேலே மகன் குடும்பம், அதற்கு மேலே வாடகைக்கு விட்ட அறை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியும் புறாக் கூண்டும். எந்த இரண்டு வீடும் ஒன்று போல் இல்லை. சென்னை, மும்பை இரண்டு ஊர்களிலும் இந்தப் பகுதிகளைத் திரும்பப் போய்ப் பார்த்து 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வும், பல தரப்பு வருமானக்காரர்களும் கலந்து வாழ்கிற நல்ல குடியிருப்புகளாக இவை வளர்ந்திருப்பதாகத்தான் சொன்னது. குப்பைமேட்டின் புகை அந்தத் தெருக்களையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தூரில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பும் இதே யோசனைதான். 1995-ல் ஆகா கான் விருது வாங்கியது. சிலி நாட்டில் அலெஹான்ட்ரோ அரவேனா, இருக்கிற பணத்தில் ஒரு மோசமான முழு வீட்டுக்குப் பதிலாக ஒரு நல்ல பாதி வீடு என்று கட்டினார். தூண், கூரை, படி, குளியலறை போன்ற கஷ்டமான பகுதியை அரசு கட்டும், பக்கத்தில் விட்ட காலி இடத்தைக் குடும்பம் நிரப்பிக்கொள்ளும். இருவருக்குமே கட்டடக்கலையின் உச்ச விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது, அரவேனாவுக்கு 2016-ல், தோஷிக்கு 2018-ல். கொடுங்கையூரில் வீட்டின் மேல் வீடாகக் கட்டிய கொத்தனார்களுக்கு யாரும் விருது கொடுக்கவில்லை. ஆனால் வேலை ஒன்றுதான்.

நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்த மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு இதைத்தான் எழுதினார். இடிக்காதீர்கள், முதலில் நடந்து பாருங்கள், அங்கே வாழ்பவர்களைக் கேளுங்கள், தேவையான இடத்தில் மட்டும் கை வையுங்கள் என்று. அவருடைய நகரத் திட்டமிடல் கண்காட்சியை ஏற்றி வந்த கப்பலை 1914-ல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடித்தது, நம் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்த அதே எம்டன். திரும்பப் படங்களைச் சேகரித்து 1915-ல் சென்னையில் கண்காட்சி வைத்தார். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் எவ்வளவோ குடும்பங்கள் இடம் மாறாமல் இருந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு வருகிறேன். வடசென்னையில் கேரம் ஆடாத தெரு கிடையாது. புது வண்ணாரப்பேட்டையிலிருந்து போன காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார், அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். கேரம் போர்டின் ஆடுதளம் 74 சென்டிமீட்டர் சதுரம். நாலு பேர் முழங்கை இடிக்காமல் உட்கார்ந்து ஆட எட்டுக்கு எட்டு அடி இருந்தால் போதும், மேலே ஒரு விளக்கு. இவ்வளவு சின்ன இடம் கிடைத்ததால் ஒரு பகுதியே உலக அளவில் ஆடுகிறது. புதிய குடியிருப்புகளில் இந்த எட்டுக்கு எட்டு எங்கே? மொட்டை மாடிக்குப் பூட்டு. கீழே முழுக்க வண்டி நிறுத்தம். கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தைப் பார்த்தேன். வீட்டில் மேஜை போட இடமில்லாத பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். நல்ல வெளிச்சம், சுத்தமான கழிப்பறை. 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயாக அறிவித்து அப்புறம் பல மடங்கு பெருகிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் எனக்கு மனம் நிறைந்து பிடித்தது இந்த மாதிரிக் கட்டடங்கள்தான். ஒவ்வொரு வாரியக் குடியிருப்புக்குள்ளேயும் இப்படி ஒரு கூடம் வேண்டும். பெண் பிள்ளை ராத்திரி ஒன்பது மணிக்குப் படித்துவிட்டு வெளியே ரோட்டைத் தாண்டாமல் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.

எங்கள் பிளாக்கையும் இடித்துக் கட்டப் போவதாகப் பேச்சு வந்திருக்கிறது. இடித்துக் கட்டும் காலத்துக்கு வாரியம் கொடுக்கும் கருணைத்தொகை முன்பு 8,000 ரூபாயாக இருந்தது, பிறகு 24,000 ஆக்கினார்கள். மாதத்துக்கு இல்லை, மொத்தமே அவ்வளவு. எங்கள் பக்கத்தில் வீட்டு அட்வான்ஸுக்கே பத்தாது. 'எந்த ஏரியாவிலிருந்து வரீங்க, என்ன சாப்பிடுவீங்க, என்ன ஆளுங்க' என்று கேட்டுவிட்டு வீடு இல்லை என்கிறவர்களைத் தாண்டி ஒரு வாடகை வீடு பிடிக்க வேண்டும். ஒன்றரை வருஷத்தில் முடிகிற வேலை மூன்று வருஷம் இழுத்தால் திரும்பி வராமலே போய்விடுகிற குடும்பங்கள் இருக்கும்.

அதனால் நாங்கள் பிளான் வரும் வரை காத்திருக்கவில்லை. வேறு இடங்களில் வாரியம் கட்டிய நானூறு சதுர அடி வீட்டின் அமைப்பை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே தரையில் முழு அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். சுவர், கதவு, சமையல் மேடை, குளியலறை, வராந்தா, படிக்கட்டு எல்லாம். பிறகு ஆட்களை உள்ளே வரச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டில் போட்டதும் பீரோவுக்கு இடமில்லை. இன்னொரு அக்கா சமையல் மேடைக் கோட்டுக்குள் குந்தி உட்கார்ந்து, "நான் ஒக்காந்து மீன் அறுப்பேன், இங்க அருவாமனை வெச்சா காலு வாசலுக்கு வெளிய போவுது" என்றார். மேடைக்குக் கீழே தரையோடு ஒரு குழாயும் நீர் போக வழியும் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த வரைபடத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் தம்பி ஒருவர் குளியலறைக் கோட்டுக்குள் போய் வண்டியைத் திருப்ப முடியாமல் கோட்டை அழித்துக்கொண்டே சுற்றினார். எவ்வளவு அழிந்ததோ அவ்வளவு அகலம் கூடுதலாக வேண்டும் என்று அந்த இடத்தை அளந்து எழுதிக்கொண்டோம். பெண்கள் சேர்ந்து குளியலறைக் கதவை இடம் மாற்றினார்கள். ஒரு சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்துவிட்டு வேறு பக்கம் போட்டார்கள், அவ்வளவுதான்.

சாயங்காலம் வரை நடந்தது. சேர்ந்த கோரிக்கைகளை மனுவாக எழுதினோம். இதே இடத்தில் கட்ட வேண்டும், எழுத்தில் தர வேண்டும், முடிக்கும் தேதியோடு. தரைத்தளத்தில் பிழைப்புக்கான அறைகள். நடக்க முடியாதவர்களுக்கும் வயதானவர்களுக்கும் குலுக்கல் இல்லாமல் கீழ்வீடு. லிஃப்டும் லேண்டிங்கும் ஸ்ட்ரெச்சர் திரும்புகிற அகலத்தில். வெளியே தங்கும் காலம் முழுக்க மாத வாடகை. கான்கிரீட் போடும் நாட்களில் குடியிருப்பவர்களில் இரண்டு பேர் சைட்டில் நின்று பார்க்க அனுமதி, அதில் ஒருவர் பெண். பிளானைக் கையெழுத்தாவதற்கு முன்னால் தமிழில், எல்லாரும் படிக்கிற அளவில், பிளாக் வாசலில் ஒட்ட வேண்டும்.

மனுவைக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் பக்கத்துப் பிளாக்காரர்கள் தங்கள் இடத்திலும் வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே. புளியந்தோப்பு, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் உங்கள் பிளாக்கையும் இடிக்கிற பேச்சு வந்திருந்தால் சொல்லுங்கள். ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடியும் அளவு டேப்பும் நான் கொண்டு வருகிறேன். கட்டிலையும் அரிவாள்மனையையும் நீங்கள் எடுத்து வாருங்கள்.